சிலிக்கான் ஸ்டிக்கர்: வாங்குவது முதல் கழுவி வைப்பது வரை

மருந்துக்கடையில் பூச்சிமருந்து வாங்கும்போது கூடவே ஒரு சின்னப் பாட்டிலும் கைக்கு வரும். “டேங்குக்கு ஒரு மூடி ஊத்துங்கண்ணா, இலையில நல்லா புடிக்கும்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கடைக்காரர் அதை ஸ்டிக்கர் என்பார், ஸ்ப்ரெடர் என்பார், சிலிக்கான் என்பார். வேளாண் கையேடுகளில் அதற்கு ஒட்டும் திரவம் என்று பெயர். பூச்சிமருந்தில் முக்கோணம் என்ன நிறம் என்று பார்த்து வாங்குகிற விவசாயிகூட இந்தப் பாட்டிலைத் திருப்பிப் பார்ப்பதில்லை. விஷம் கிடையாது, சோப்பு மாதிரி ஏதோ ஒன்று என்ற நினைப்புதான் காரணம்.

அந்த நினைப்பை மாற்றத்தான் இதை எழுதுகிறேன். சிலிக்கான் ஸ்டிக்கர் கண்ணுக்கும் மூச்சுக்கும் மீனுக்கும் தன்னளவிலேயே கெடுதல் செய்யும். அதைவிட முக்கியமான விஷயம், டேங்கில் ஏற்கெனவே இருக்கிற மருந்தின் போக்கையே அது மாற்றிவிடுகிறது. இலை மேல் மருந்தை எப்படிப் பரப்புகிறதோ அப்படியே உங்கள் முதுகிலும், கையிலும், முகத்தில் கட்டிய துண்டிலும் பரப்பும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன?

சிலிக்கான் ஸ்டிக்கர் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை ட்ரைசிலாக்சேன் வகையைச் சேர்ந்தவை. லேபிளில் ‘பாலிஆல்கலீன் ஆக்சைடு மாடிஃபைடு ஹெப்டாமெத்தில் ட்ரைசிலாக்சேன்’ என்று நீளமாக ஒரு பெயர் இருந்தால் அதுதான். அதன் சிஏஎஸ் எண், அதாவது ரசாயனத்தை அடையாளம் காட்டும் பதிவெண், 27306-78-1. பல நாடுகளில் நெடுங்காலமாக விற்பனையில் இருக்கும் சில்வெட் எல்-77 இந்த வகைதான். நிறமில்லாமலோ வெளிர்மஞ்சளாகவோ, தொட்டால் வழுவழுவென்று இருக்கும்.

வெங்காயத் தாளிலும் முட்டைக்கோஸ் இலையிலும் வெறும் தண்ணீர் அடித்தால் முத்து முத்தாக உருண்டு கீழே விழும். இலையின் மெழுகுப் பூச்சும், துளியை உருண்டையாக இழுத்துப் பிடிக்கும் தண்ணீரின் பரப்பு இழுவிசையும் சேர்ந்து செய்கிற வேலை இது. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சாதாரண சோப்பு வகை ஒட்டும் திரவம் அதை 30-க்குப் பக்கத்தில் இறக்கும். ட்ரைசிலாக்சேன் 0.1 சதவீதம் இருந்தாலே 20, 22 என்ற அளவுக்கு இறங்கிவிடும். உருண்டு நின்ற துளி அப்படியே தட்டையாகி இலை முழுக்க ஓடும். ஓடுவதோடு நிற்காமல் இலைத்துளைகள் வழியாக உள்ளேயும் போகும்.

எந்த அளவுக்கு உள்ளே போகும் என்பதற்கு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு உதாரணம். அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் மரபணுவை மாற்ற, அதன் பூங்கொத்தை பாக்டீரியா கலந்த கரைசலில் முக்கி எடுப்பார்கள். 1998-இல் வெளியான அந்த முறையில் பாக்டீரியாவைச் செடிக்குள் கொண்டுபோகச் சேர்த்தது சில்வெட் எல்-77. சேர்த்த அளவு 0.05 சதவீதம், அதாவது லிட்டருக்கு அரை மில்லி. உயிருள்ள பாக்டீரியாவையே திசுவுக்குள் கொண்டு சேர்க்க இவ்வளவு போதும். நம் வயலில் ‘ஒரு மூடி’ என்று ஊற்றுவது பல நேரம் இதைவிட அதிகம்.

இந்த ரசாயனத்தின் பாதுகாப்புத் தகவல் தாளில் மூன்று எச்சரிக்கைகள் இருக்கும். கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சலும் பாதிப்பும். நுண்துளியாக மூச்சில் போனால் தீங்கு. நீர்வாழ் உயிர்களுக்கு நச்சு, அதன் பாதிப்பு நீண்ட நாள் நிற்கும். தோலில் பட்டாலோ கொஞ்சம் விழுங்கினாலோ வரும் உடனடி விஷத்தன்மை, பூச்சிமருந்துகளோடு பார்த்தால் குறைவுதான். ஆனால் வயலில் யாரும் ஸ்டிக்கரைத் தனியாக அடிப்பதில்லையே.

கூடச் சேர்க்கும் பொருள்தானே என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு கிளைபோசேட் ஒரு சாட்சி. அந்தக் களைக்கொல்லி இலையில் பிடிக்க மாட்டுக்கொழுப்பிலிருந்து தயாராகும் ஒரு அமின் பொருளைப் பல நிறுவனங்கள் சேர்த்து வந்தன. அந்தச் சேர்மானம் கிளைபோசேட்டைவிட அதிக நச்சுள்ளது என்ற கவலையில், கிளைபோசேட் மருந்துகளில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் தடை விதித்தது. களைக்கொல்லி கடையில் இருந்தது, வெளியே போனது கூட்டுப்பொருள்.

முதல் படி: இது வேண்டுமா என்று கேளுங்கள்

வேண்டாத இடத்தில் சேர்க்காமல் இருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. வெங்காயம், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், சேம்பு, நெல் மாதிரி மெழுகு இலைப் பயிர்களில் ஒட்டும் திரவத்துக்கு வேலை இருக்கிறது. பெண்டிமெத்தலின் மாதிரி களை முளைக்கும் முன் மண்ணில் அடிக்கும் மருந்துக்கு அது எதற்கு? மருந்து பரவ வேண்டியது மண்ணில், இலையில் இல்லை. பால் மாதிரி கலங்கும் ‘இசி’ வகை மருந்துகளிலும், பல களைக்கொல்லிகளிலும் நிறுவனமே சோப்புப் பொருளைச் சேர்த்துத்தான் அனுப்புகிறது. மருந்தின் லேபிளில் ‘ஒட்டும் திரவம் சேர்க்கவும்’ என்று இல்லையென்றால் சேர்க்காதீர்கள்.

மேன்கோசெப் மாதிரி இலையின் மேற்பரப்பில் படிந்து நின்று காக்கும் பூஞ்சாணமருந்துக்கு சிலிக்கான் சில சமயம் எதிராகவே வேலை செய்யும். கரைசல் அதிகமாகப் பரவி இலை நுனியில் வடிந்து மண்ணுக்குப் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய மருந்து அப்படிப் போவதை நானும் வயலில் பார்த்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் அதை ‘நல்லா நனைஞ்சிருக்கு’ என்று தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் படி: பாட்டிலைப் படித்து வாங்குங்கள்

பூச்சிமருந்துப் பாட்டிலில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கடுமையான விஷம், பச்சை ஓரளவு குறைந்தது. ஸ்டிக்கர் பாட்டிலில் பெரும்பாலும் இந்த முக்கோணமே இருக்காது. முக்கோணம் இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பூச்சிமருந்து என்ற கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

பாட்டிலில் ரசாயனத்தின் பெயர், அதன் சதவீதம், தயாரித்த நிறுவனத்தின் முகவரி, பேட்ச் எண், காலாவதித் தேதி, லிட்டருக்கு எவ்வளவு என்ற அளவு, இவை இருக்கிறதா பாருங்கள். ‘சூப்பர்’, ‘கோல்டு’ என்று பெயர் மட்டும் இருந்து உள்ளே என்ன என்று சொல்லாத பாட்டிலை வாங்காதீர்கள். நாளைக்கு ஆஸ்பத்திரியில் ‘என்ன கலந்தீங்க’ என்று டாக்டர் கேட்டால் பதில் சொல்ல முடியாது. பாதுகாப்புத் தகவல் தாளையும் கடைக்காரரிடம் கேட்டு வாங்கலாம். அதில் 16 பகுதிகள் இருக்கும். 2-ஆம் பகுதியில் ஆபத்துகள், 4-இல் முதலுதவி, 8-இல் என்ன உடுப்பு போட வேண்டும், 12-இல் சுற்றுச்சூழல் பாதிப்பு. இந்த நான்கையும் படித்தால் போதும். இங்கிலீஷில் இருந்தால் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: மூடியை விடுங்கள், சிரிஞ்சை எடுங்கள்

பல சிலிக்கான் ஸ்டிக்கர்களில் லிட்டர் தண்ணீருக்கு 0.3 முதல் 0.5 மில்லி வரை என்று போட்டிருக்கும். உங்கள் பாட்டிலில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. லிட்டருக்கு 0.3 என்றால் 15 லிட்டர் டேங்குக்கு நாலரை மில்லி. 200 லிட்டர் டிரம்முக்கு 60 மில்லி. பாட்டில் மூடியில் இதைவிட இரண்டு மடங்கு பிடித்தாலும் பிடிக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மூடி மாறும். மெடிக்கலில் 5 மில்லி, 10 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு, ‘ஸ்டிக்கர் மட்டும்’ என்று எழுதி ஒட்டி வையுங்கள்.

டீப்பால் மாதிரி சாதாரண ஒட்டும் திரவத்துக்கு லிட்டருக்கு 1 மில்லி என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதே பழக்கத்தில் சிலிக்கானையும் ஊற்றினால் இரண்டு மூன்று மடங்காகிவிடும். இலை கருகும், பூ உதிரும், பழத்தின் மேல் இருக்கும் வெள்ளைப் பூச்சு போய்விடும். மருந்தும் அளவுக்கு மீறி இலைக்குள் இறங்கும்.

நான்காம் படி: கலந்து பார்ப்பது, அடித்துப் பார்ப்பது

முதலில் தண்ணீர். தண்ணீரின் புளிப்பு, காரத்தை அளப்பது பிஎச். ட்ரைசிலாக்சேன் பிஎச் 6-லிருந்து 8 வரை உள்ள தண்ணீரில்தான் நிலையாக இருக்கும். புளிப்பு அதிகமானாலும் காரம் அதிகமானாலும் உடைந்து வீணாகும். போர் தண்ணீர் காரமாக இருக்கும் ஊர்களில் பிஎச் தாள் வாங்கி ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. கலந்த கரைசலை மறுநாளுக்கு மீதி வைக்கக் கூடாது என்பதற்கும் இது ஒரு காரணம். மறுநாள் ‘வேலை செய்யல’ என்று இன்னொரு மூடி ஊற்றுகிற பழக்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்புறம் கலவை. ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் அதே தண்ணீர், அதே மருந்துகள், அதே விகிதம். கையுறை போட்டுக் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். திரிந்தாலோ, அடியில் கெட்டியாகப் படிந்தாலோ, பாட்டில் சூடானாலோ அந்தக் கூட்டு வேண்டாம்.

கடைசியாக வயலில் ஒரு மூலையில் சில செடிகளுக்கு மட்டும் அடித்து இரண்டு மூன்று நாள் பாருங்கள். இளங்கொழுந்திலும் பூவிலும் கருகல் முதலில் தெரியும். தாமிரப் பூஞ்சாணமருந்தோடு சிலிக்கானைச் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தாமிரம் இலையின் மேலே இருக்கும்வரைதான் நல்லது, உள்ளே இறங்கினால் இலையைச் சுடும். கந்தகத்தோடும் எண்ணெய் வகை மருந்துகளோடும் இதே எச்சரிக்கை தேவை. எலுமிச்சைத் தோட்டத்தில் பாக்டீரியா நோய் தலைகாட்டியிருக்கும்போது சிலிக்கான் அடித்தால், மருந்து போகிற அதே இலைத்துளை வழியாக நோய்க்கிருமியும் உள்ளே போக வழி கிடைக்கும்.

ஐந்தாம் படி: உடுப்பு

இந்தப் படியைத்தான் நம் ஊரில் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அடிப்பது நம் வழக்கம். வெறும் தண்ணீர்த் துளி துணியின் மேல் கொஞ்ச நேரமாவது உருண்டு நிற்கும். சிலிக்கான் கலந்த துளி பட்ட உடனே நூலுக்குள் ஊறிப் பரவிவிடும். பத்து நிமிடத்தில் அந்தத் துண்டு மருந்தில் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் வழியாகத்தான் நீங்கள் மூச்சு விடுகிறீர்கள். துண்டு கட்டாமல் இருப்பதைவிட அது மோசமாகவும் ஆகலாம்.

என்-95 முகக்கவசம் நுண்துளியைத் தடுக்கும், ஆனால் மருந்தின் ஆவியைத் தடுக்காது. நெடி அடிக்கும் மருந்தாக இருந்தால் கரிம ஆவியை வடிகட்டும் வடிகுப்பி (கார்ட்ரிட்ஜ்) மாட்டிய முகக்கவசம் வேண்டும். என்-95 நனைந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டுங்கள். கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி. கலக்கும்போது இது கட்டாயம், ஏனென்றால் நீர் கலக்காத ஸ்டிக்கர் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலே போதும். கையுறை நைட்ரைல் ரப்பராக இருக்கட்டும். துணிக் கையுறையும் தோல் கையுறையும் மருந்தை உறிஞ்சிக் கையிலேயே பிடித்து வைத்திருக்கும். கையுறையின் வாய் சட்டைக் கைக்கு உள்ளே, பேன்ட் கால் பூட்ஸுக்கு வெளியே. அப்படி இருந்தால்தான் வழிகிற கரைசல் உள்ளே இறங்காது.

முதுகை மறந்துவிடாதீர்கள். டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால் குனியும்போதெல்லாம் கரைசல் முதுகில் வழியும். சிலிக்கான் கலந்திருந்தால் சட்டை முழுக்க அது பரவி இடுப்புவரை நனைத்துவிடும். முதுகுக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் வெறும் தண்ணீரை நிரப்பி எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சரி செய்வது இன்னும் நல்லது. தண்ணீரில் ஒழுகாத மெல்லிய விரிசல் சிலிக்கானில் ஒழுகும், அதனால் முதல் டேங்க் அடிக்கும்போதும் ஒரு தடவை கையுறையோடு தடவிப் பாருங்கள்.

கூலிக்கு மருந்து அடிக்க ஆள் வைக்கிறவர்களுக்கு ஒன்று. இந்த உடுப்பு வாங்கித் தருவது உங்கள் பொறுப்பு. ‘அவங்களே வேணாம்னு சொல்றாங்க’ என்பதை நான் ஏற்கமாட்டேன். வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது என்பது உண்மைதான், அதற்குத்தான் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடிக்கச் சொல்கிறோம்.

ஆறாம் படி: கலக்கும் வரிசை

டேங்கில் பாதித் தண்ணீர். தூள் மருந்து இருந்தால் தனி வாளியில் கரைத்து முதலில் அதை ஊற்றுங்கள். பிறகு திரவ மருந்து. மீதித் தண்ணீரை நிரப்பி, ஸ்டிக்கரைக் கடைசியாகச் சேர்த்து, மெதுவாகக் குச்சியால் கலக்குங்கள். முதலிலேயே ஸ்டிக்கரை ஊற்றிவிட்டுத் தண்ணீரைப் பாய்ச்சினால் நுரை பொங்கி டேங்க் வாய் வழியாக மருந்தோடு வழியும். குனிந்து பார்க்கும் முகத்தில் அது தெறிக்கும். கலப்பது காற்றோட்டமான இடத்தில், கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் தள்ளி, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று.

ஏழாம் படி: அடிக்கும்போது

சிலிக்கான் சேர்த்தால் கரைசல் வடிய வடிய அடிக்கத் தேவையில்லை. இலை மினுமினுவென்று நனைந்தால் போதும், நகர்ந்துவிடுங்கள். வழக்கத்தைவிடத் தண்ணீர் குறைவாகத்தான் பிடிக்கும். ஏக்கருக்கான மருந்தின் அளவு லேபிளில் உள்ளபடியே இருக்கட்டும்.

தலைக்கு மேல் வளர்ந்த பருத்திக்குள் நின்று அடிக்காதீர்கள். மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் 2017-இல் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு பருத்தி உயரமாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்திருந்தது, பல மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடித்தார்கள், பாதுகாப்பு உடுப்பு பெரும்பாலோரிடம் இல்லை. அப்படி ஒரு புகைமூட்டத்துக்குள், நனைக்கும் சக்தியைக் கூட்டும் பொருளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தேனீக்கள் பூவுக்கு வரும் நேரத்தில் வேண்டாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சிலிக்கான் வகை ஒட்டும் திரவத்தை உட்கொண்ட தேனீக்கள் வாசனையைக் கற்று நினைவில் வைக்கும் திறனில் பின்தங்கின. பூச்சிமருந்து எதுவும் இல்லாமலே. வாசனையை வைத்துப் பூவைத் தேடும் உயிருக்கு இது சாதாரணப் பாதிப்பா? அசுவினி, சிலந்திப்பேன் மாதிரி மெல்லுடல் உயிர்களை சிலிக்கான் கரைசல் மட்டுமே நனைத்துக் கொல்லும், நன்மை செய்யும் பூச்சிகளையும் அது விட்டுவைக்காது. பூத்திருக்கும் பயிரில் அடித்தே ஆக வேண்டுமென்றால் தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, பொழுது சாயும் நேரத்தில் அடியுங்கள்.

நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதக் கூடாது. பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: கழுவுவதும் வைப்பதும்

டேங்கை வாய்க்காலிலோ குளத்திலோ கழுவாதீர்கள். மீனின் செவுளில் இது நேரடியாக வேலை செய்யும். மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரை அடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள். காலிப் பாட்டிலையும் அப்படியே மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை டேங்கில் ஊற்றி, பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள். அதில் எண்ணெயோ குடிநீரோ பிடிக்க யாருக்கும் தோன்றக் கூடாது. எரிக்கவும் வேண்டாம்.

ஸ்டிக்கர் கீழே சிந்தினால் சிமென்ட் தரை பயங்கரமாக வழுக்கும். தண்ணீர் ஊற்றினால் நுரைத்து இன்னும் பரவும். மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவிட்டு அள்ளுங்கள்.

வைப்பது எப்போதும் அதே பாட்டிலில், மூடியை இறுக்கி, பூட்டிய இடத்தில், வெயில் படாமல். குளிர்பான பாட்டிலில் மாற்றி வைப்பதுபோல ஆபத்து வேறு இல்லை, பார்க்க எண்ணெய் மாதிரியே இருக்கும் பொருள் இது. அடித்த துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். துவைக்கிறவரும் கையுறை போட வேண்டும். குளிக்கும்போது தலைமுடிக்கும் நகக்கண்ணுக்கும் சோப்பு போட மறக்காதீர்கள். அடித்த வயலில் மறுநாள் களையெடுக்கவோ காய் பறிக்கவோ பெண்கள் இறங்குவார்கள். இலை காய்ந்துவிட்டது என்பதை வைத்து அனுப்பாதீர்கள், மருந்தின் லேபிளில் உள்ள காத்திருப்பு இடைவெளி முடியட்டும்.

ஏதாவது ஆகிவிட்டால்

கண்ணில் பட்டால் உடனே இமையை விரித்துப் பிடித்து, ஓடும் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் குறையாமல் கழுவுங்கள். எரிச்சல் குறைந்தாலும் கண் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கருவிழியில் காயம் பட்டிருந்தால் அவர்தான் சொல்ல முடியும்.

மூச்சு முட்டினாலோ, இருமலும் நெஞ்சு இறுக்கமும் வந்தாலோ காற்றோட்டமான இடத்துக்குக் கூட்டிப்போய் நனைந்த துணிகளைக் கழற்றி, சோப்பு போட்டு உடம்பைக் கழுவுங்கள்.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது எதுவும் வேண்டாம். நுரைக்கும் பொருள் என்பதால் வாந்தியில் பொங்கி நுரையீரலுக்குள் போய்விடும். வாயைக் கொப்பளிக்க வையுங்கள், மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஸ்டிக்கர் பாட்டிலை மட்டும் எடுத்துப் போவது போதாது. டேங்கில் கலந்த எல்லா மருந்தின் பாட்டிலும் போக வேண்டும். கண்மணி சுருங்குவது, வாயில் எச்சில் வழிவது, அதிகமாக வியர்ப்பது, தசை துடிப்பது இருந்தால் அது ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தின் விஷமாக இருக்கலாம். அதற்கு அட்ரோபின் என்று தனி மருத்துவம் இருக்கிறது, எந்த மருந்து என்று தெரிந்தால் டாக்டருக்கு நேரம் மிச்சம். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இதையும் 108-ஐயும் பெரிய எழுத்தில் எழுதி, மருந்து வைக்கும் அலமாரிக் கதவில் ஒட்டி வையுங்கள்.